யாகூத்தும் கண்ணாடித் துண்டும்
சொல்லி விளங்கவைக்க முடியாத அறிவின் வரலாற்றில் சில பக்கங்கள்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ரய் நகரில் நடந்த ஒரு சம்பவத்தை முதன்முதலாக வாசித்த போது எனக்கு என் வாப்பாவின் ஞாபகம் வந்தது. ரய் என்பது இன்றைய தெஹ்ரானுக்கு அருகே அன்று தழைத்திருந்த அறிவுநகரம். வாப்பாவோ பேருவளை சீனங்கோட்டையில் இரத்தினக்கல் வியாபாரம் செய்தவர். குர்ஆன் ஓதவும் கணக்குப் பார்க்கவும் தெரியுமே தவிர, கிதாபுகளோடு அவருக்கு அதிகம் பழக்கமில்லை. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்காலத்து ரய் நகரில் ஹதீஸ் விமர்சனக் கலையின் இரு பெரும் தூண்கள் இருந்தனர். ஒருவர் இமாம் அபூ ஹாத்திம் அர்-ராஸி (ரஹ்); ஹிஜ்ரி 277இல் (கி.பி. 890) மறைந்தவர். மற்றவர் இமாம் அபூ ஸுர்ஆ அர்-ராஸி (ரஹ்), ஹிஜ்ரி 264இல் (கி.பி. 878) மறைந்தவர். ஒரு நாள் அபூ ஹாத்திமிடம் ஒருவர் ஓர் ஏட்டுடன் வந்தார். வந்தவர் சாமானியர் அல்லர். அறிவாராய்ச்சியை முதன்மைப்படுத்திய 'அஸ்ஹாபுர் ரஃயி' பிரிவினருள் மதிக்கப்பட்டவர். ஏட்டிலிருந்த ஹதீஸ்களை இமாம் அவர்கள் பார்த்துக்கொண்டே போனார். இது பிழை, இதில் ஒரு ஹதீஸ் இன்னொன்றினுள் புகுந்துவிட்டது, இது பாத்தில், இது முன்கர், ஏனையவை ஸஹீஹ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

வந்தவருக்கு ஆச்சரியம். இந்த ஏட்டை அறிவித்தவர் தாம் பிழைவிட்டதாக உங்களிடம் வந்து சொன்னாரா என்று கேட்டார். இல்லை, அவர் யாரென்றே எனக்குத் தெரியாது என்றார் இமாம். அப்படியானால் மறைவானவற்றை அறிவதாக வாதிடுகிறீரா என்றார் அவர். அதுவும் இல்லை என்றார் இமாம். பின் இதற்கு என்னதான் ஆதாரம்? இத்துறையைச் சரியாகக் கற்ற இன்னொருவரிடம் போய் இதே கேள்வியைக் கேளும். இருவரும் ஒன்றுபட்டால் நாங்கள் வாய்க்கு வந்தபடி பேசவில்லை என்பது விளங்கும் என்று பதில் வந்தது.

அவர் தாம் கேட்டதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அபூ ஸுர்ஆவிடம் போனார். திரும்பி வந்தபோது இரு பதில்களும் ஒத்திருந்தன. ஒருவர் 'பாத்தில்' என்று சொன்னதை மற்றவர் 'பொய்' என்று சொல்லியிருந்தார், வேறுபாடு அவ்வளவுதான். கலந்து பேசாமலே ஒரே தீர்ப்பு.

அதன் பின்னர்தான் அபூ ஹாத்திம் தம் விளக்கத்தைக் கொடுக்கிறார். கள்ளத் தீனாரை நாணயப் பரிசோதகனிடம் கொடுத்தால், பார்த்த மாத்திரத்தில் இது கள்ளம் என்கிறான். இதை வார்த்தவன் உன்னிடம் வந்து சொன்னானா என்று கேட்டால் இல்லை என்கிறான். பின் எப்படி என்றால், அது எனக்குக் கிடைத்த ஓர் அறிவு என்கிறான். அதுபோல ஒருவரிடம் ஒரு யாகூத்துக் கல்லையும் ஒரு கண்ணாடித் துண்டையும் கொடுத்தால் இதுவேறு அதுவேறு என்று பிரித்துவிடுகிறார். எங்கள் அறிவும் அத்தகையதே. எவ்வாறு அறிந்தோம் என்பதை எடுத்துச் சொல்ல எங்களுக்கு வழி தெரியாது என்பது அவரது கருத்து.

யாகூத்தும் கண்ணாடித் துண்டும் என்ற இடத்துக்கு வந்ததும் நான் கிதாபை மூடிவைத்துவிட்டேன். சின்ன வயதில் வாப்பாவிடம் நான் கேட்ட கேள்வி அதுதான். கல்லை விரல் நுனியில் பிடித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார். அதற்குள் தரகர் விலை சொல்லத் தொடங்கியிருக்க மாட்டார். கல் திரும்பப் போய்விடும். "எப்படி வாப்பா தெரியும்?" என்பேன். "பாத்தா வெளங்கும் மகன்" என்பார். அதற்கு மேல் அவரிடம் பதில் இருந்ததில்லை. மறைப்பதற்காக அவர் சொல்லாமல் இருக்கவில்லை. சொல்லத் தெரியவில்லை.

அறிவின் வாசல்கள்

படிப்படியான சிந்தனையின்றி உள்ளத்தில் சட்டென்று உதிக்கும் அறிவுக்கு நமது மரபில் பல பெயர்கள் உண்டு. ஃபிராஸா, இல்ஹாம், கஷ்ஃப், தவ்க், ஹத்ஸ். தமிழில் உள்ளுணர்வு என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை ஒன்றல்ல. ஃபிராஸா என்பது ஆளைப் பார்த்து அகத்தை அறிதல். இல்ஹாம் இறைவன் உள்ளத்தில் இடும் உதிப்பு. கஷ்ஃப் திரை விலகுதல். தவ்க் என்றால் நேரடியான பொருள் சுவை. ஹத்ஸ் என்பது தத்துவவாதிகளின் சொல். இலக்கைச் சட்டென்று தொட்டுவிடும் ஊகம்.

இவற்றைப் பற்றி நம்மவர் மத்தியில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். ஒரு சாரார் இவை யாவும் சூஃபிகளின் கற்பனை, மார்க்கத்துக்குப் புறம்பானவை என்கிறார்கள். மறுசாரார் அறிவும் ஆதாரமும் ஏட்டுச் சுரைக்காய், உள்ளம் சொல்வதே உண்மை என்கிறார்கள். இரு சாராரும் ஒரே கருத்தில்தான் நிற்கிறார்கள் என்பது வேடிக்கை. உள்ளுணர்வும் ஆராய்ச்சியும் பகையாளிகள் என்ற கருத்து அது. வரலாற்றைப் புரட்டினால் அந்தப் பகைமை அங்கே அவ்வளவாகக் காணக்கிடைக்கவில்லை.

முஃமினின் ஃபிராஸாவை அஞ்சிக்கொள்ளச் சொல்லும் ஹதீஸை நமது பயான்களில் அடிக்கடி கேட்டிருப்போம். அது திர்மிதியில் இடம்பெறுகிறது. அதைப் பதிவுசெய்த இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களே, அந்த ஒரு வழியாலன்றி இது அறியப்படவில்லை என்ற கருத்தில் 'கரீப்' என்று குறித்திருக்கிறார். உள்ளுணர்வைப் புகழும் ஹதீஸையும் அறிவிப்பாளர் வரிசை என்ற தராசில் நிறுத்துப் பார்த்த பின்னரே ஏட்டில் ஏற்றினார்கள் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

தென்னாசிய மத்ரஸாக்களில் நெடுங்காலம் ஓதப்பட்டு வந்த அகீதா நூலொன்று, ஹிஜ்ரி 537இல் (கி.பி. 1142) மறைந்த உமர் அந்-நஸஃபி (ரஹ்) எழுதியது. மனிதன் அறிவைப் பெறும் வழிகள் மூன்று என்று அது வகுக்கிறது: பழுதற்ற புலன்கள், உண்மையான செய்தி, அறிவு. இல்ஹாம் அந்தப் பட்டியலில் சேராது என்றும் அதே இடத்தில் சொல்லிவிடுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் அதற்கு விரிவுரை எழுதிய தஃப்தாஸானி (ரஹ்) இதை நயமாக விளக்குகிறார். இல்ஹாமால் ஒருவருக்கு அறிவு கிடைக்கவே முடியாது என்பது இதன் பொருளல்ல. பொதுமக்கள் யாவருக்கும் அறிவைத் தரும் வழியாகவோ பிறரைக் கட்டுப்படுத்தும் ஆதாரமாகவோ அது அமையாது என்பதே பொருள். உனக்கு உதித்தது உனக்கு உண்மையாக இருக்கலாம். அதைக்கொண்டு என்னைக் கட்ட முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை நாம் மனதில் வைத்திருந்தால் எத்தனையோ சண்டைகள் மிச்சமாகியிருக்கும்.

இப்னு ஸீனாவும் அல்-பிரூனியும்

உள்ளுணர்வை ஆன்மிகத்தோடு மட்டும் சேர்த்துப் பழகிய நமக்கு, அதற்குத் தத்துவத்தில் ஆழமான இடம் கொடுத்தவர் தர்க்கவாதிகளின் தலைவரான இப்னு ஸீனா (980 - 1037) என்பது வியப்பாக இருக்கும். தர்க்கத்தில் ஒரு முடிவை நிறுவ இரு முனைகளையும் இணைக்கும் நடுச்சொல் ஒன்று வேண்டும். உதாரணமாக, சந்திரனின் ஒளி சூரியனிடமிருந்து பெறப்பட்டது என்று நிறுவ, சந்திரனையும் சூரிய ஒளியையும் இணைக்கும் ஏதோ ஒன்று வேண்டும். சூரியனோடு சந்திரன் கொள்ளும் நிலைக்கேற்ப அதன் பிறை வளர்ந்து தேய்கிறது என்பதுதான் அந்த நடுக்கண்ணி. அது கையில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குபடும். ஆனால் அந்த நடுக்கண்ணியை எந்தத் தர்க்க விதியும் தேடித் தராது. சிலருக்கு அது நெடுநேரச் சிந்தனையால் கிடைக்கிறது. சிலருக்குச் சட்டென்று கிடைக்கிறது. அந்தச் சட்டென்ற பிடிப்புத்தான் ஹத்ஸ் என்றார் இப்னு ஸீனா. இது ஆளுக்கு ஆள் கூடிக் குறைகிறது. ஒன்றுமே பிடிபடாதவர்கள் ஒரு கோடியில் என்றால், மறுகோடியில் நபிமார்கள் இருக்கிறார்கள் என்பது அவரது கோட்பாடு.

தமது வாழ்க்கைக் குறிப்பில் அவர் சொல்லும் செய்திகள் இதற்கு உரைபோல அமைகின்றன. ஒரு பிரச்சினையில் நடுக்கண்ணி பிடிபடாத போதெல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுது துஆச் செய்வாராம். இரவில் விளக்கை ஏற்றி மீண்டும் படிக்க உட்காருவார். கண்ணயர்ந்தால் கனவிலும் அதே பிரச்சினை வரும். பலவற்றுக்குத் தூக்கத்திலேயே விடை கிடைத்திருக்கிறது. ஆனால் அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. அரிஸ்டோட்டிலின் பௌதிக அதீத நூலை நாற்பது தடவை வாசித்தும் அவருக்கு விளங்கவில்லை. நூல் மனப்பாடமே ஆகிவிட்டது. நோக்கம் மட்டும் பிடிபடவில்லை. பின் சந்தையில் ஒருவர் மூன்று திர்ஹத்துக்கு வற்புறுத்தி விற்ற சிறு நூலொன்றை வேண்டா வெறுப்பாக வாங்கினார். அது அல்-ஃபாராபி அந்நூலின் நோக்கத்தை விளக்கி எழுதியது. வீட்டுக்கு வந்து வாசித்ததும் முழுவதும் ஒரேயடியாக விளங்கிவிட்டது. அந்த நாற்பது வாசிப்பும் இல்லாதிருந்தால் மூன்று திர்ஹம் நூல் என்ன செய்திருக்கும்? உதிப்பு வெறும் நிலத்தில் விழுவதில்லை.

இப்னு ஸீனாவோடு அரிஸ்டோட்டிலைப் பற்றிக் கேள்வி கேட்டுக் கடிதப்போர் நடத்தியவர் அல்-பிரூனி. கஸ்னியில் தம் முதிய வயதில் இரத்தினங்களைப் பற்றி அவர் 'கிதாபுல் ஜமாஹிர்' என்ற நூலை எழுதினார். ஸரந்தீப் என்ற நமது நாடும் யாகூத்தின் பிறப்பிடமாக அதில் பேசப்படுகிறது. சிவப்பு யாகூத்தும் பதக்ஷானிலிருந்து வந்த 'லஃல்' என்ற சிவப்புக் கல்லும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்து வியாபாரிகளை ஏமாற்றி வந்தன. பிரூனி வியாபாரிகளின் கண்ணை இகழவில்லை. அவர்களிடம் கேட்டறிந்த செய்திகளை நூல் முழுவதும் பதிந்திருக்கிறார். ஆனால் தாமே வடிவமைத்த கூம்புப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, கல்லை இட்டு, வழிந்த நீரை நிறுத்து, ஒவ்வொரு கல்லின் ஒப்படர்த்தியையும் கணித்தும் வைத்தார். இன்றைய அளவைப்படி யாகூத்துக்கு ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.0, லஃல் என்ற ஸ்பினலுக்கு 3.6. கண் மயங்கலாம், வழிந்த நீர் மயங்காது. கண் சொன்னதைத் தண்ணீரிடம் கேட்டுப் பார்த்தவர் பிரூனி. அபூ ஹாத்திம் சொன்னதை அபூ ஸுர்ஆவிடம் கேட்டுப் பார்த்ததைப் போல.

ஒருவரே எழுதிய இரண்டு நூல்கள்

இனி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் வருகிறேன். கி.பி. 1058இல் தூஸ் நகரில் பிறந்து, 1091இல் பக்தாத் நிஸாமிய்யாவின் தலைமை ஆசிரியராகி, 1095இல் பாடம் சொல்ல நாவெழாமல் போய், பதவியைத் துறந்து டமஸ்கஸுக்கும் பைத்துல் முகத்தஸுக்கும் மக்காவுக்கும் போனவர் என்ற வரலாற்றை நமது வாசகர்கள் அறிவார்கள். 1106இல் அவர் மீண்டும் நிஷாபூரில் கற்பிக்கத் தொடங்கினார். அதன் பின்வந்த சில ஆண்டுகளில் எழுதியவற்றுள் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஒன்று 'அல்-முன்கித் மினள்ளலால்'. தமது அறிவுப் பயணத்தை அவர் சொல்லும் நூல். புலன்களை நம்பலாமா என்று முதலில் சந்தேகம் வருகிறது. நட்சத்திரம் கண்ணுக்கு ஒரு தீனார் அளவாகத் தெரிகிறது. கணிதமோ அது பூமியிலும் பெரியது என்கிறது. கண்ணை அறிவு பொய்யாக்கியது போல, அறிவையும் பொய்யாக்கும் இன்னொன்று அதற்கு மேலே இல்லை என்று எப்படிச் சொல்வது? ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இந்த நோய் அவரைப் பிடித்திருந்தது. அதிலிருந்து மீட்டது எந்த வாதமும் அல்ல. இறைவன் தன் நெஞ்சில் இட்ட ஓர் ஒளி என்கிறார். இந்த இடத்தை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த ஒளி அவருக்கு எதைக் கொடுத்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அறிவின் அடிப்படை உண்மைகள் மீதான நம்பிக்கையைத்தான் அது அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. உள்ளுணர்வு வந்து அறிவை வெளியேற்றவில்லை. சந்தேகம் வெளியேற்றிய அறிவை மீண்டும் வீட்டுக்குள் அழைத்து வந்தது. அதே நூலில் பின்னால் தவ்கைப் பற்றிச் சொல்லும்போது, போதையின் இலக்கணத்தை அறிவதும் போதையில் இருப்பதும் வேறு என்கிறார். ஆரோக்கியத்தின் இலக்கணம் தெரிந்த வைத்தியன் நோயாளியாகக் கிடக்கலாம்.

மற்றது 'அல்-முஸ்தஸ்ஃபா'. உஸூலுல் ஃபிக்ஹ் துறையில் அவர் 1109இல் முடித்த பெருநூல். அதில் இஸ்திஹ்ஸான் என்ற விடயம் வருகிறது. அதற்குச் சிலர் கொடுத்த வரைவிலக்கணம் இது: முஜ்தஹிதின் உள்ளத்தில் பொறிபோல எழும் ஓர் ஆதாரம், அவரால் அதைச் சொல்லில் வடிக்கவோ வெளியே எடுத்து வைக்கவோ முடியாது. முன்கித் எழுதிய பேனா இதை வரவேற்கும் என்றே எதிர்பார்ப்போம். இமாம் அவர்களோ இதைப் பிதற்றல் என்று தள்ளிவிடுகிறார். சொல்லில் வராத ஒன்று வெறும் பிரமையா உறுதியான அறிவா என்று எப்படித் தெரியும்? அது வெளியே வரட்டும். ஷரீஅத்தின் ஆதாரங்களோடு வைத்து நிறுத்துப் பார்ப்போம். அதன் பிறகு ஏற்கலாம் அல்லது தள்ளலாம் என்பது அவரது வாதம்.

இதை முரண்பாடு என்று முன்பு நான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. முன்கித்தில் பேசுவது தன் இறைவனைத் தேடிய ஒரு மனிதன். அங்கே அவருடைய உள்ளமே சாட்சி, அவரே வழக்காளி. முஸ்தஸ்ஃபாவில் பேசுவது அடுத்தவனின் சொத்தையும் திருமணத்தையும் உயிரையும் தீர்மானிக்கும் நீதிக்கு இலக்கணம் வகுக்கும் சட்ட அறிஞர். அங்கே தீர்ப்புக்கு உட்படுபவன் இன்னொருவன். ஏன் என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. 'எனக்குப் பட்டது' என்ற பதில் அந்த உரிமையைப் பறித்துவிடுகிறது.

இலக்கியத்தின் சுவை

இதெல்லாம் தத்துவமும் சட்டமும். இலக்கியக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை இப்னு கல்தூனிடம் அழைத்துப் போக வேண்டும். 1377இல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்து முகத்திமாவை எழுதிய அவர், மொழியை ஒரு கைத்தொழிலோடு ஒப்பிடுகிறார். தையற்கலையை வாயால் விளக்கத் தெரிந்தவனிடம் துணியைக் கொடுத்தால் தைக்கத் தெரியாமல் நிற்கலாம். அதுபோல் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவனால் ஒரு கடிதத்தைப் பிழையின்றி எழுத முடியாமல் போகலாம். திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் ஊறி நிலைபெறும் ஆற்றலை அவர் 'மலகா' என்கிறார். அந்த ஆற்றல் முதிர்ந்தவனுக்கு ஒரு சொல் இடம்மாறி நின்றால் காதே சொல்லிவிடும். அதற்கு விதி தேவையில்லை. இதைத்தான் இலக்கியவாதிகள் தவ்க் என்று அழைத்தார்கள் என்கிறார்.

அங்கே ஓர் அழகான சம்பவத்தையும் சொல்கிறார். ஒரு கவிதையின் தொடக்கத்தை, எழுதியவர் பெயரைச் சொல்லாமல் ஒருவர் வாசித்துக் காட்டுகிறார். கேட்டிருந்த புலமையாளர் இது ஒரு ஃபகீஹின் கவிதை என்று உடனே சொல்லிவிடுகிறார். எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது, அதில் ஒரு சொற்றொடர் சட்ட நூல்களுக்கு உரியது, அது அறபுக் கவிதையின் நடையல்ல என்றார். தீர்ப்பு முதலில் வந்தது. காரணம் பின்னால் வந்தது. ஆனால் கேட்டபோது வந்தது.

இப்னு கல்தூன் ஓர் எச்சரிக்கையும் செய்கிறார். எதை மனனம் செய்தாயோ அதன் தரத்துக்குத்தான் உன் மலகாவும் இருக்கும். சட்டச் செய்யுள்களை நிறைத்துக்கொண்ட உள்ளத்தில் கவிதை சுருங்கிப்போகும். அதாவது நமது சுவை நாம் சாப்பிட்டதால் ஆனது. நாம் சாப்பிடாத ஒன்று வாய்க்கு வந்தால் அது சுவையற்றது என்றே நாக்குச் சொல்லும்.

இதை எழுதும்போது ஒரு விடயத்தை மறைத்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்களூர் இலக்கிய நண்பர்கள் ஒரு தொகுப்புப் போட முயன்றோம். வந்த ஆக்கங்களைப் பார்த்துத் தெரிவுசெய்யும் பொறுப்பு எனக்கு. ஒரு பிள்ளை தன் காக்காவிடம் கொப்பியொன்றைக் கொடுத்தனுப்பியிருந்தது. இரண்டு பக்கம் வாசித்தேன். "இதில கவிதை இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் தயங்கித் தயங்கி, என்ன குறை என்று சொன்னால் தங்கச்சி திருத்திக்கொள்வாள் என்றார். "அது சொல்லி விளங்கிற விசயமில்ல தம்பி" என்றேன். என் வாப்பாவின் பதில்தான். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

பல வருடங்களுக்குப் பின் அந்தக் கொப்பியின் சில பக்கங்களை மீண்டும் வாசிக்கக் கிடைத்தது. இத்தா வீட்டைப் பற்றி, மூடிய யன்னலைப் பற்றி, உம்மாவும் மகளும் அடுப்படியில் கதைக்கும் பேச்சிலேயே எழுதப்பட்ட வரிகள். எனக்கு ஊட்டப்பட்டது யாப்பும், எழுபதுகளின் உரத்த புதுக்கவிதையும். அடுப்படிப் பேச்சு என் நாக்குக்குக் கவிதையாகப் படவில்லை. அன்று அந்தத் தம்பி கேட்ட கேள்விக்குக் காரணம் சொல்ல முயன்றிருந்தால், பேச்சுமொழியாக இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை என்பது எனக்கே அன்று வெளிச்சமாகியிருக்கும். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். கஸ்ஸாலி இமாம் பிதற்றல் என்று எதைச் சொன்னார் என்பதை நான் முஸ்தஸ்ஃபாவில் படிக்கவில்லை. அந்தக் கொப்பியில்தான் படித்தேன்.

கெவுடா

மீண்டும் சீனங்கோட்டைக்கு வருகிறேன். வாப்பாவின் கண் பொய்த்ததே இல்லை என்று ஊரில் பெயர். ஆனால் ஒரு தடவை பொய்த்தது. அவருக்கு மட்டுமல்ல, அக்காலத்து இலங்கை இரத்தினக்கல் வியாபாரிகள் பெரும்பாலோருக்கும் பொய்த்தது.

நீலக்கல்லின் குடும்பத்திலேயே பால் கலந்தாற்போல் மங்கிக் கிடக்கும் கற்கள் உண்டு. கெவுடா என்போம். இல்லத்தை அரித்தெடுக்கும்போது வந்து சேரும், விலை போகாது. 1970களின் பிற்பகுதியில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கத் தொடங்கினார்கள். அவற்றை 1500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், ஒட்சிசன் குறைந்த உலையில் வைத்துச் சூடாக்கினால் கல்லினுள் நூலாய்ப் படிந்திருக்கும் ரூட்டைல் கரைந்து, அதிலுள்ள தைத்தேனியம் இரும்போடு சேர்ந்து நீலம் பிறக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது. பல வருடங்களாகச் சேர்ந்திருந்த ஒரு பிஸ்கட் தகரம் நிறைந்த கெவுடாவை வாப்பா ஒரு தரகரிடம் சொற்பப் பணத்துக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, மண்ணை விற்றுக் காசாக்கினேன் என்று உம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். உண்மை வெளியானபோது நாங்கள் கடனில் இருந்தோம்.

அவர் கண்ணில் பிழை இல்லை. அந்தக் கண் பழகிய உலகம் மாறிவிட்டது. கண்ணுக்கு அது தெரியவரவில்லை. உளவியலாளர்களான டானியல் கானமனும் கெரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். முன்னவர் உள்ளுணர்வின் பிழைகளை ஆராய்ந்தவர். பின்னவர் தீயணைப்பாளர் போன்றோரின் உள்ளுணர்வுத் திறமையை ஆராய்ந்தவர். எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த இருவரும் இரு நிபந்தனைகளில் ஒன்றுபட்டனர். பழகும் களத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். தன் தீர்ப்புச் சரியா பிழையா என்பது பழகுபவனுக்குத் திரும்பத் திரும்பத் தெரியவர வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் மனதுக்கு வரும் உறுதி எதற்கும் அத்தாட்சியல்ல.

சீனங்கோட்டையே இதற்குச் சான்று. பின்னர் நமது ஆட்களும் கல்லைச் சூடாக்கக் கற்றுக்கொண்டார்கள். உலைக்குள் வைத்த கல் நீலமாகியதா இல்லையா என்பது அதைத் திறந்ததும் தெரிந்துவிடுகிறது. உலை உடனுக்குடன் பதில் சொல்லச் சொல்ல ஒரு புதுக் கண் உருவாகியது. எந்தக் கெவுடா நீலமாகும் என்று இப்போதுள்ள பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறார்கள். டீசல் எண்ணெய்போல ஒரு மினுக்கம் தெரியும் கல்லை 'டீசல் கெவுடா' என்று தனியே பெயரிட்டும் வைத்திருக்கிறார்கள். ஓரளவுக்கு அதைச் சொல்லிலும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அபூ ஹாத்திமைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். எவ்வாறு அறிந்தோம் என்று எடுத்துச் சொல்ல வழி தெரியாது என்றவர் அவர். ஆனால் அவருக்கு அப்துர் ரஹ்மான் என்றொரு மகன் இருந்தார். இப்னு அபீ ஹாத்திம் என்று புகழ்பெற்ற அவர் (மறைவு ஹி. 327, கி.பி. 938) தந்தையிடமும் அபூ ஸுர்ஆவிடமும் ஹதீஸ் ஹதீஸாக எடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். இதில் என்ன குறை? யார் பிழைவிட்டது? சரியான அறிவிப்பு எது? கேட்கக் கேட்கப் பெரியவர்கள் சொன்னார்கள். இன்னாருடைய பெயர் இதில் மாறிவிட்டது, இன்னார் இதை நபி (ஸல்) அவர்கள் வரை உயர்த்திவிட்டார், உண்மையில் இது ஸஹாபியின் கூற்று என்று சொல்லக்கூடியவற்றைச் சொன்னார்கள். அவற்றைத் தொகுத்ததுதான் 'கிதாபுல் இலல்'. சொல்ல முடியாது என்று சொல்லப்பட்ட அறிவில் இவ்வளவு சொல்லக் கிடந்தது. கேட்பதற்கு ஒரு மகன் தேவைப்பட்டார்.

நான் வாப்பாவிடம் ஒரேயொரு தடவை கேட்டேன். பாத்தா வெளங்கும் என்றதும் நிறுத்திக்கொண்டேன். இந்தக் கல்லில் என்ன பார்த்தீர்கள், அந்தக் கல்லில் ஏன் கை வைக்கவில்லை என்று கல் கல்லாகக் கேட்டிருக்கலாம். அவர் மௌத்தாகி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. இப்போது யாராவது கொப்பி கொண்டுவந்து தந்தால் முதலில் எனக்கு எப்படிப் படுகிறது என்பதைப் பார்க்கிறேன். அதை விட்டுவிட முடியாது, விடவும் கூடாது. பின்னர் ஏன் அப்படிப் பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி, கொப்பியோடு வைத்துத் திருப்பிக் கொடுக்கிறேன். எழுத முடியாமல் போன தடவைகளில், கொப்பியை என்னைப் போலப் பழகாத இன்னொருவரிடம் அனுப்பிக் கேட்கிறேன்.